புஸ்ஸ்ஸ்... தண்ணீர் லாரியின் காற்றுக் கணக்கு

ராஜா அண்ணாமலைபுரத்தில் விடிகாலையில் பால் பாக்கெட்டுக்கு அடுத்தபடியாக வருவது தண்ணீர் லாரி. (ராஜா அண்ணாமலை மன்றம் என்று நினைத்துக்கொண்டு பாரிமுனைக்குப் போய்விடாதீர்கள். பெயர் ஒரே செட்டிநாட்டு ராஜா சர் அண்ணாமலை செட்டியாருடையதுதான், இடம் வேறு. இது மந்தைவெளிக்கும் அடையாறு ஆற்றுக்கும் நடுவில் இருப்பது.) 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது இந்தப் பகுதியின் அடுக்குமாடிகள் இந்த லாரிகளை நம்பித்தான் பல் தேய்த்தன. அதற்குமுன்னும் பின்னும்கூட அவை வராத வருஷம் கிடையாது.

ஒரு லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 12,000 லிட்டர், அதாவது தண்ணீர் மட்டுமே 12 டன். குறுக்குத் தெருவில் ரிவர்ஸ் எடுத்து, இஞ்சினை அணைத்து, குழாயைச் சம்ப்பில் விட்டு, இருபது நிமிடத்தில் தண்ணீரை இறக்கியாயிற்று. குழாயைச் சுருட்டி மாட்டிவிட்டு டிரைவர் ஸ்டார்ட் செய்கிறார். இஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. டாஷ்போர்டில் ஏர் மீட்டர் முள் நாலைத் தொட்டுவிட்டு அங்கேயே நிற்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் கொஞ்சம் ஏறுகிறது, காலை எடுத்தால் திரும்ப இறங்குகிறது.

"அண்ணே, காத்து ஏறவே மாட்டேங்குதுண்ணே."

"நேத்தே தெரியும்டா. ஓனர்கிட்ட யாரு பேசுறது? போ, கட்டையை எடுத்துட்டு வா."

பின்னால் ஸ்கூல் வேன் ஹார்ன் அடிக்கிறது. வாக்கிங் போகிறவர் நின்று ஆலோசனை சொல்கிறார். வாட்ச்மேன் எல்லோருக்கும் விளக்கம் கொடுக்கிறார்: "பிரேக் ஃபெயிலாம் சார்."

வாட்ச்மேன் சொன்னது தலைகீழ். பிரேக் ஃபெயிலாகியிருந்தால் வண்டி நிற்காமல் போயிருக்கும். இங்கே வண்டி போகாமல் நிற்கிறது. பிரேக் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. தள்ளினாலும் நகராது, கயிறு கட்டி இழுத்தாலும் நகராது. இவ்வளவுக்கும் காரணம் எங்கேயோ ஒரு ரப்பர் வளையம் தேய்ந்து, அதன் வழியாகச் சத்தம் போடாமல் போய்க்கொண்டிருக்கும் காற்று.

காற்று போனால் பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 1869ல் அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரயிலுக்கு ஏர் பிரேக் காப்புரிமை வாங்கினார். அதில் காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும். நல்ல யோசனைதான், ஆனால் நடுவில் குழாய் உடைந்தால் காற்றும் இல்லை பிரேக்கும் இல்லை. கொஞ்ச வருஷத்திலேயே அவரே அதைத் திருப்பிப் போட்டார்: குழாயில் காற்று இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும், காற்று போனால் பிடித்துக்கொள்ளும். குழாய் உடைந்தால் ரயில் தானாக நிற்கும்.

லாரியில் இந்த இரண்டு யோசனையும் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகின்றன. காலால் மிதிக்கும் பிரேக் முதல் வகை. மிதித்தால் டேங்கில் இருக்கும் காற்று சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ள சேம்பருக்குப் போய் ஒரு ரப்பர் டயாஃப்ரத்தைத் தள்ளும், அது கம்பியைத் தள்ளும், பிரேக் விரியும். காலை எடுத்தால் அந்தக் காற்று வெளியேறும். மந்தைவெளியில் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது கேட்கும் 'புஸ்' அந்தக் காற்றுதான். ஹேண்ட் பிரேக் இரண்டாம் வகை. பின்சக்கரச் சேம்பரின் பின்பாதியில் ஒரு முரட்டு ஸ்பிரிங் இருக்கிறது. காற்று அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காற்று குறைந்தால் ஸ்பிரிங் விரிந்து பிரேக்கைப் பிடித்துவிடும். குறுக்குத் தெருவில் நிற்கும் நமது லாரியைப் பிடித்து வைத்திருப்பது இந்த ஸ்பிரிங். அதாவது லாரி கெட்டுப்போய் நிற்கவில்லை, வடிவமைத்தவர்கள் சொன்னபடி ஒழுங்காக நடந்துகொள்கிறது.

இந்தச் சாமான்களுக்கும் சென்னைக்கும் பழைய உறவு உண்டு. 1962ல் இங்கிலாந்தின் கிளேட்டன் டிவாண்டர் கூட்டோடு தொடங்கிய சுந்தரம் கிளேட்டன், பாடியில் ஏர் பிரேக் உறுப்புகளைச் செய்தது. அதன் பிரேக் பிரிவு 1998ல் ஜப்பானின் டெமிங் விருது வாங்கியது. பி.காம். பாடத்தில் தர மேலாண்மை என்ற தலைப்பு வரும்போது எல்லோரும் டொயோட்டாவை எழுதுவார்கள், பாடியை எழுத ஆள் கிடையாது. பிறகு அந்தப் பிரிவு 2008ல் வாப்கோ-டி.வி.எஸ். என்று தனியானது, 2020ல் வாப்கோவை ஜெர்மனியின் இசட்.எஃப். வாங்கியது, 2022ல் இந்தியக் கம்பெனியின் பெயரும் மாறியது. பெயர்ப்பலகை எத்தனை தடவை மாறினாலும் உள்ளே இருக்கும் ஓ-ரிங்குக்கு அதெல்லாம் தெரியாது.

சரி, லீக்குக்கு வருவோம்.

லாரியில் காற்று இப்படிப் போகிறது. இஞ்சினோடு சேர்ந்து ஓடும் கம்ப்ரஸர் காற்றை அமுக்குகிறது. அது ஏர் டிரையர் வழியாக ஈரத்தை விட்டுவிட்டு, நாலு வழிப் பாதுகாப்பு வால்வு என்ற பங்கீட்டாளரிடம் வருகிறது. முன் பிரேக், பின் பிரேக், ஹேண்ட் பிரேக், மற்ற சில்லறைச் செலவுகள் என்று அது நாலாகப் பிரித்துக் கொடுக்கிறது. ஒரு கிளையில் பெரிய ஓட்டை விழுந்தால் மற்ற மூன்றும் காலியாகிவிடாமல் ஒரு அளவில் தடுத்து நிறுத்துவதும் அதன் வேலை. கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் சீட்டாடித் தொலைத்தாலும் அடுத்தவர் பங்கு தப்புகிற மாதிரி. மீட்டரில் சாதாரணமாக எட்டு பார் அளவுக்கு வந்ததும் டிரையர் பக்கத்திலிருந்து ஒரு பெரிய 'ப்ஸ்ஸ்' வரும். போதும், நிறைந்துவிட்டது என்று அர்த்தம்.

இதில் வில்லன் யார் என்றால், நல்ல கம்ப்ரஸர்!

லீக் இருக்கும் லாரியில் கம்ப்ரஸர் நன்றாக இருந்தால் லீக் வெளியே தெரியவே தெரியாது. போகப் போக அது நிரப்பிக்கொண்டே இருக்கும். முள் எட்டில் நிற்கும், டிரைவரும் நிம்மதியாக இருப்பார். வரவு நிறைய இருக்கும் வீட்டில் மளிகைக் கடைக்காரர் கணக்கில் ஏமாற்றுவது தெரியாது இல்லையா, அதேதான். கம்ப்ரஸருக்கு இதில் ஓய்வே கிடையாது. அதிக நேரம் பாரத்தோடு ஓடினால் சூடாகும், சூடானால் எண்ணெயையும் காற்றோடு சேர்த்துத் தள்ளும், அந்த எண்ணெய் டிரையரில் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகளை மூடும், அப்புறம் தண்ணீர் நேராக டேங்குக்கே போகும். ஒரு ஓ-ரிங்கில் ஆரம்பித்த கதை எங்கே போய் முடிகிறது பாருங்கள். கம்ப்ரஸர் தளர்ந்து, லீக் அதைத் தாண்டும் நாளில்தான் எல்லோருக்கும் விஷயம் தெரியவரும். அந்த நாள் எப்போதும் குறுக்குத் தெருவில், ஸ்கூல் வேன் நேரத்தில்தான் வரும்.

அதனால் லீக்கைப் பார்க்க வேண்டுமென்றால் முதல் வேலை, இஞ்சினை அணைப்பது. முழுக் காற்று ஏற்றிவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டுவிட்டு (இதைத் தாண்டாதீர்கள், காரணம் பின்னால் வருகிறது), அணைத்துவிட்டு, கடிகாரத்தையும் முள்ளையும் பார்ப்பது. அமெரிக்காவில் கனரக லைசென்ஸ் தேர்வுக்கு இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பிரேக் எதுவும் பிடிக்காமல் இருக்கையில் தனி லாரியில் நிமிடத்துக்கு 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக்கூடாது. காலால் மிதித்துப் பிடித்திருந்தால், மிதித்த உடனே இறங்குவதைக் கழித்துவிட்டு, நிமிடத்துக்கு 3. டிரெய்லர் மாட்டியிருந்தால் முறையே 3, 4.

இந்த 2 பி.எஸ்.ஐ. கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். எட்டு பார் என்பது கிட்டத்தட்ட 116 பி.எஸ்.ஐ. நிமிடத்துக்கு 2 வீதம் இருபது நிமிடத்தில் 40 போய்விடும். (இறங்க இறங்கப் போகும் வேகம் குறையும், அது வேறு.) தேர்வில் பாஸ், ஆனால் தண்ணீர் இறக்கி முடிப்பதற்குள் மூன்றில் ஒரு பங்கு காற்று காலி. அந்த எண் ஓடும் வண்டிக்கான பாதுகாப்பு எல்லை, அதற்குமேல் போனால் ரோட்டுக்கே வராதே என்கிற எண். வண்டியை வைத்துப் பிழைப்பவருக்கு அது அளவுகோல் ஆகாது. நல்ல வண்டியில் ராத்திரி நிறுத்தினால் காலையில் முள் கொஞ்சம்தான் இறங்கியிருக்க வேண்டும். தினமும் காலையில் முள் பூஜ்யத்திலிருந்து கிளம்புகிறது என்றால் அந்த வண்டி நோயாளி.

ஒரு சின்னக் கணக்கு. காற்று ஏறுவதற்காக மட்டும் நாளைக்கு 15 நிமிடம் இஞ்சின் சும்மா ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 2 லிட்டர் என்றால் அரை லிட்டர். வருஷத்துக்கு 300 நாள், 150 லிட்டர். டீசல் லிட்டர் 90 ரூபாய் என்றே போட்டாலும் 13,500 ரூபாய். இது ஓனரின் நோட்டில் 'டீசல்' என்ற தலைப்பில் கரைந்துவிடும், 'காற்று' என்று ஒரு தலைப்பு எந்த நோட்டிலும் இல்லை. காஸ்ட் அக்கவுண்டிங்கில் சாதாரண நட்டம், அசாதாரண நட்டம் என்று இரண்டு படிப்பார்களே, இது இரண்டாவதாகப் பிறந்து முதலாவதாக வளர்ந்தது. இதில் தவறிப்போன டிரிப்புகளை இன்னும் சேர்க்கவே இல்லை.

இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எங்கே? பெரும்பாலோர் செய்வது, காதைத் தீட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ச் சத்தம் வரும் இடத்தைப் பிடிப்பது. தப்பில்லை. ராத்திரியில் தெரு அடங்கியபிறகு நல்ல காது பாதி வேலையை முடித்துவிடும். மீதிப் பாதிக்கு சோப்புத் தண்ணீர். ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டைப் பாட்டிலில் கலக்கி ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் ஊற்றினால் லீக் இருக்கும் இடத்தில் நுரை கொப்புளிக்கும். (ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் போட்டு ஊரெல்லாம் விற்றதில் கடலூர்க்காரர்களுக்குப் பெரிய பங்குண்டு. லாரி பார்க்கத்தான் போகிறது என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.) கண்ணுக்குத் தெரியாததை ஒரு ரூபாயில் காட்டுகிற கருவி வேறு எந்தத் தொழிலிலாவது இருக்கிறதா, தெரிந்தவர்கள் சொல்லலாம்.

ஆனால் கைதேர்ந்தவர்கள் 'எங்கே' என்பதற்கு முன்னால் 'எப்போது' என்று கேட்கிறார்கள். ஒரே வண்டியில் காற்று இருக்கும் இடங்கள் நேரத்துக்கு நேரம் மாறும். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கும்போது ஸ்பிரிங் சேம்பரில் காற்றே இருக்காது, அதனால் அங்கே ஓட்டை இருந்தாலும் தெரியாது. பெடலை மிதிக்காதபோது டயாஃப்ரத்தில் காற்று இருக்காது, அது கிழிந்திருந்தாலும் சமர்த்தாக இருக்கும். ஆகவே இஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முதலில் சும்மா பார்க்க வேண்டும். அப்போதே முள் இறங்கினால் டேங்க், டேங்குக்கு வரும் குழாய், பாதுகாப்பு வால்வு, இல்லையென்றால் கிளட்ச் பூஸ்டர் மாதிரி சில்லறை ஆசாமிகள். முன், பின் என்று இரண்டு முள் இருக்கும் வண்டியில் எது இறங்குகிறது என்று பார்த்தால் பாதி வண்டியை விட்டுவிடலாம். அடுத்து ஹேண்ட் பிரேக்கை விடுவித்துப் பார்ப்பது. இப்போது புதிதாகச் சத்தம் வந்தால் ஸ்பிரிங் பக்கம். அதற்கடுத்து ஒரு ஆளை உட்காரவைத்தோ, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தோ பெடலை அமுக்கி வைத்துப் பார்ப்பது. இப்போது மட்டும் வந்தால் டயாஃப்ரம், சேம்பருக்குப் போகும் ஹோஸ், ஃபுட் வால்வு.

இந்த வரிசை தெரியாததால் நடக்கும் ஒரு தப்பு இருக்கிறது. ஊர் உலகம் முழுக்க நடப்பது. கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

பின் ஆக்ஸிலுக்கு மேலே ரிலே வால்வு என்று ஒன்று இருக்கும். டிரைவர் காலடியிலிருந்து காற்று பின்சக்கரம்வரை வந்துசேர நேரமாகும் என்பதால், பக்கத்து டேங்கிலிருந்தே காற்றை எடுத்துச் சேம்பருக்குக் கொடுக்கும் ஏஜெண்டு. காலை எடுத்ததும் காற்றை வெளியே விடுவதும் அதன் அடியில் இருக்கும் துவாரம்தான். இப்போது ஒரு வண்டியில் இந்தத் துவாரத்திலிருந்து விடாமல் காற்று வருகிறது. சத்தம் அங்கே, சோப்பு நுரை அங்கே, கைவைத்தால் காற்று அங்கே. சாட்சி எல்லாம் பக்கா. ரிலே வால்வு போய்விட்டது என்று தீர்ப்பாகிவிடும். ஜி.பி. ரோட்டுக்கு ஆள் போகும், வால்வு வரும், பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டு, காற்றேற்றி, ஹேண்ட் பிரேக்கை விட்டால்... புஸ்ஸ்ஸ்! அதே இடம், அதே சத்தம். டூப்ளிகேட் கொடுத்துவிட்டான் என்று கடைக்காரருக்குத் திட்டு.

கடைக்காரர் பாவம். பின்சக்கரச் சேம்பர் இரண்டு அறை கொண்டது என்று பார்த்தோம் அல்லவா, பின்னறையில் ஸ்பிரிங்கை அமுக்கும் காற்று, முன்னறையில் பெடல் காற்று. நடுச்சுவரைத் தாண்டிப் போகும் தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. அது தேய்ந்தால் பின்னறைக் காற்று முன்னறைக்குக் கசியும். பெடல் மிதிக்காத நேரத்தில் முன்னறையின் காற்றுக்கு வெளியே போக இருக்கும் ஒரே வழி, வந்த ஹோஸ் வழியாகவே திரும்பிப்போய் ரிலே வால்வின் துவாரம். ரிலே இல்லாத அமைப்பில் அது டிரைவரின் காலடியில் ஃபுட் வால்விலிருந்தே வரும். திருட்டு ஒரு வீட்டில், பொருள் கிடைப்பது இன்னொரு வீட்டில்.

இதைப் பிடிக்கப் பத்துப் பைசா செலவில்லை. சத்தம் வரும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட வேண்டும். பின்னறைக் காற்று வெளியேறிவிடுவதால், குற்றம் சேம்பரில் என்றால் சத்தம் உடனே நின்றுவிடும். போட்டாலும் விட்டாலும் ஒரே மாதிரி வந்தால் ரிலே வால்வேதான். சேம்பர் என்று முடிவானபின் இடதா வலதா? கட்டை சரியாகப் போட்டிருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு, பெடலை மிதிக்காமல், ஒவ்வொரு சேம்பரிலிருந்தும் பெடல் காற்று ஹோஸைக் கழற்றிப் பார்க்க வேண்டும். எந்தச் சேம்பரின் வாயிலிருந்து காற்று வருகிறதோ அது. ஐந்து நிமிட வேலை. இந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான் முழு வால்வு வாங்கப்படுகிறது.

டிரையர் இன்னொரு ஏமாற்றுக்காரர். அடியில் இருக்கும் துவாரத்திலிருந்து 'நிறைந்துவிட்டது' சத்தத்துக்குப் பிறகும் நிற்காமல் காற்று வந்தால் அங்கே தூசியோ கரியோ சிக்கியிருக்கலாம், அல்லது டேங்கிலிருந்து காற்று திரும்பிவராமல் தடுக்கும் ஒருவழி வால்வு மூடாமல் இருக்கலாம். இன்னொன்று, முள் மெதுவாக ஏறுகிறது, ஆனால் ஏறியபின் இஞ்சினை அணைத்தால் அப்படியே நிற்கிறது என்றால், அது டேங்க் பக்கத்து லீக்கே கிடையாது. கம்ப்ரஸர் தளர்ந்திருக்கும், அல்லது அதிலிருந்து வரும் குழாய் கரி பிடித்து அடைத்திருக்கும், இல்லை அந்தக் குழாயே வாய் விட்டிருக்கும். இஞ்சின் ஓடும்போது பார்த்தால்தான் அது தெரியும். இதற்குப்போய் வண்டியெல்லாம் சோப்புத் தண்ணீர் அடிப்பவர்கள் உண்டு, வண்டி சுத்தமாகும் என்பது ஒரு லாபம்.

அப்புறம் அந்த மியூசிக்கல் ஹார்ன். அதற்குக் காற்று எடுக்க நல்லா இருக்கும் குழாயை வெட்டி ஒரு டி-ஜாயின்ட் போடுவார்கள். லீக் தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்பது ஹார்னைப் பிடிக்காதவர்களின் கட்சி. கட்சி நியாயமானது.

கண்டுபிடித்தபின் சரிசெய்வது பெரும்பாலும் சின்ன வேலை, சரியாகச் செய்தால். நைலான் குழாயை ஹாக்ஸா பிளேடால் கோணலாக அறுத்துச் சொருகினால் மறுபடி லீக்தான், நேராக, பிசிறில்லாமல் வெட்ட வேண்டும். மரையில் டெஃப்ளான் டேப்பை வாரிச் சுற்றினால் அதன் துணுக்கு உள்ளே போய் ஏதாவது வால்வின் சீட்டில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு லீக்கை அடைத்து இன்னொன்றைப் பெற்றெடுத்த கதை. ஹோஸ் சேஸிஸில் உரசி ஓட்டையானால், ஹோஸை மட்டும் மாற்றினால் போதாது, உரசும் இடத்தில் கிளிப் போட்டு நகர்த்திக் கட்ட வேண்டும். சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டுவது வீடுபோய்ச் சேரக்கூட நம்ப முடியாத வைத்தியம். வால்வுகளுக்கு உள்ளே போடும் ரப்பர் கிட் தனியாகக் கிடைக்கிறது. முழு வால்வின் விலையில் சிறு பகுதிதான், சுத்தமான இடத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் போட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றில் மட்டும் விளையாட்டு கூடாது. ஸ்பிரிங் சேம்பர். அதற்குள் இருக்கும் ஸ்பிரிங் வண்டியையே நிறுத்தி வைக்கும் பலத்தோடு அமுங்கி உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றியுள்ள வளையத்தைக் கழற்றினால் வெடிகுண்டு மாதிரி பறக்கும். உலகம் முழுக்க இதில் மெக்கானிக்குகள் செத்திருக்கிறார்கள். ஸ்பிரிங்கை உள்ளிழுத்துப் பூட்ட ஒரு போல்ட் இருக்கிறது. அதைச் சேம்பரின் பின்னால் நுழைத்துத் திருகினால் காற்றில்லாமலே பிரேக் விடும். குறுக்குத் தெருவில் மாட்டிக்கொண்ட லாரியை ஓரம்கட்டவும் அதுதான் வழி. விட்டபிறகு வண்டியைப் பிடிக்க எதுவும் கிடையாது என்பதால்தான் அந்தக் கட்டை. அதைப் போடாமல் அடியில் போனால், போனவர் மேலேயே வண்டி உருளும்.

பூட்டிய ஸ்பிரிங்கை ஒர்க்ஷாப் போனதும் திரும்பத் திறந்துவிட வேண்டும். இங்கேதான் வண்டிக்காரர்கள் உலகத்தின் கசப்பான விஷயம் ஒன்று இருக்கிறது. 'இன்னைக்கு மூணு டிரிப் இருக்கு, அப்புறம் பாத்துக்கலாம்' என்று பூட்டியபடியே ஓடும் வண்டிகள் உண்டு. லீக் அப்படியே இருக்கும், ஆனால் லீக் வந்தால் வண்டியை நிறுத்துகிற ஸ்பிரிங் கைகட்டி நிற்கும். மிதிக்கும் பிரேக்குக்குக் காற்று தேவை, காற்று போய்க்கொண்டிருக்கிறது, காற்றில்லாவிட்டால் பிடிக்க வேண்டியதைப் பூட்டியாயிற்று. வெஸ்டிங்ஹவுஸ் 1869ல் விட்ட ஓட்டைக்கே வண்டி திரும்பிப் போய்விடுகிறது, இந்தத் தடவை 12 டன் தண்ணீர் முதுகில் ஆடிக்கொண்டிருக்கும்போது.

ராஜா அண்ணாமலைபுரம் தட்டையான ஊர். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் இதனால் ஒரு சுவர் இடியலாம், இல்லை ஒரு ஸ்கூட்டர் நசுங்கலாம், அதிலேயே உயிரும் போகலாம். இதே வண்டி சேலம் தர்மபுரி சாலையில் தொப்பூர் கணவாயில் பாரத்தோடு இறங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். இறக்கத்தில் விட்டு விட்டு மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் காற்றைச் செலவு செய்யும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டால் கம்ப்ரஸரும் இஞ்சினின் சோம்பல் வேகத்தில்தான் ஓடும். இஞ்சினையே அணைத்தால் கம்ப்ரஸரே கிடையாது. போகும் வழியும் செலவு வழியும் திறந்திருக்க, வரும் வழி மட்டும் மூடியிருக்கும். அந்தக் கணவாயில் நடந்த விபத்துகள் எல்லாவற்றுக்கும் லீக் காரணம் என்று சொல்ல முடியாது. சரிவு, வேகம், பாரம், சூடான பிரேக் என்று பல இருக்கும். ஆனால் தினமும் காலையில் முள் பூஜ்யத்திலிருந்து ஏறும் ஒரு வண்டியை அங்கே அனுப்ப ஒரு மனசு வேண்டும்.

எஃப்.சி. இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. எட்டு வருஷம்வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்குமேல் வருஷம் ஒருமுறை. அந்த ஒரு நாளில் வண்டி பெயிண்ட் அடித்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வரும். மற்ற 364 நாளும் அதைப் பரிசோதிப்பவர் டிரைவர் ஒருவர்தான். அவருக்குத் தெரியும், எந்த மூலையில் என்ன சத்தம் என்று. சொன்னால் 'நீ ஓட்டுற விதம் சரியில்ல' என்பார்கள், சொல்லாவிட்டால் விபத்தில் முதல் ஆளாக உள்ளே போவதும் அவர்தான். டிரிப் கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு லீக் பார்க்கும் அரைநாள் சொந்தக் காசு. பேட்டாவை அந்த அரைநாளுக்கும் சேர்த்துக் கொடுக்கும் ஓனர்களின் வண்டியில் முள் இறங்காது என்று சொன்னால் கொஞ்சம் சினிமாத்தனமாக இருக்கும், ஆனால் லீக்கைப் பற்றி ஓனரிடம் முதல் நாளே வாய் திறக்க அந்த டிரைவருக்காவது தைரியம் வரும்.

கடற்கரை ஓரத்து ஊர் என்பதால் கடைசியாக ஒன்று. பட்டினப்பாக்கம் பக்கத்திலிருந்து வரும் உப்புக்காற்று சேஸிஸை மட்டுமா தின்கிறது, இரும்புக் குழாயையும் அதைப் பிடித்திருக்கும் கிளிப் அடியில் ரகசியமாகத் தின்கிறது. வெளியே பெயிண்ட் பளபளக்க, கிளிப்பைக் கழற்றினால் பொரிப்பொரியாக உதிரும். உள்ளேயோ, சென்னைக் காற்றின் ஈரம் முழுக்க டேங்கின் அடியில் தண்ணீராகத் தேங்கும். அதற்காகவே ஒவ்வொரு டேங்கின் அடியிலும் ஒரு வளையம் தொங்குகிறது. சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் அதை இழுத்துவிட்டால் காற்றோடு தண்ணீர் சீறிக்கொண்டு கொட்டும். நாலு டேங்குக்கும் சேர்த்து இரண்டு நிமிடம். வெறும் தண்ணீர் வந்தால் சரி, கறுப்பாக எண்ணெய் கலந்து வந்தால் கம்ப்ரஸர் ஏதோ சொல்ல வருகிறது, அடுத்த நாள் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் ஷாம்பு பாக்கெட் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.